கோகிலாவின் அரை லிட்டர்

மார்ச் 3, செவ்வாய்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்தொன்பது வருடமாக நான் குடிக்கும் காலைக் காபி, திருட்டுப் பாலில் போட்டது.

யாரும் கேட்காமலே இதைச் சொல்லக் காரணம் சர்க்கரை டாக்டர். நேற்று என் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்தவர், எதிரில் உட்கார்ந்திருப்பது மனிதனா கரும்பாலையா என்று சந்தேகம் வந்தவர் போல என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னைக்கிருந்து வாயில போடறது அத்தனையும் தேதி போட்டு எழுதோணும். மறைச்சீங்கன்னா எனக்கொண்ணும் இல்ல, உங்க கால்விரலுக்குத்தான்" என்றார். என் கால்விரல்கள் மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆகவே மாட்டுத்தீவனக் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரியைத் தூசு தட்டி எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பசு சிரிக்கிறது. என் சாப்பாட்டைப் பார்த்துத்தான் சிரிக்கிறது போல.

நான் பூசாரிவலசு பால் சங்கத்தில் டெஸ்டர். பெயர் நாச்சிமுத்து, வயது ஐம்பத்திரண்டு, எடையைச் சொல்ல மாட்டேன். காலையில் நூற்றுப் பத்துப் பேர் பால் கொண்டுவந்து ஊற்றுவார்கள். ஒவ்வொருவர் பாலிலும் ஒரு சின்னக் கரண்டி எடுத்து மெஷினில் விட்டால் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அது சொல்லிவிடும். மிச்ச சாம்பிள் பால் சங்கத்து வாளிக்குப் போக வேண்டும். அமராவதி டீச்சர் பாலின் மிச்சம் மட்டும் என் சொம்புக்குப் போகும். கரண்டி கொஞ்சம் பெரிதாகவும் இருக்கும். அந்தப் பால் அப்படி. டீச்சர் ரிட்டயர்டு. ஒரே மாடு, பெயர் கோகிலா. சொந்தக் கிணற்றுத் தண்ணியில் வளர்த்த புல்லைத் தவிர அதன் வாயில் வேறெதுவும் வைத்ததில்லை.

என் வீட்டிலும் மாடு இருக்கிறது. பெயர் செவலை. ஆனால் அதன் பாலில் இப்போது கோசு வாசம் அடிக்கிறது. மழை இல்லை, சோளத்தட்டு கண்ணில் பட்டு நாலு மாதம் ஆகிறது. டவுன் காய்கறி மார்க்கெட்டில் முட்டைக்கோசு, பூக்கோசுக்கு மேல் தழையை உரித்துக் குப்பையில் போடுகிறார்கள். அதை மினி லாரியில் அள்ளிவந்து ஊர் மாடு அத்தனைக்கும் போடுகிறோம். டீச்சர் மாடு ஒன்றுதான் பாக்கி.

இட்லி ஏழு. (டாக்டருக்கு: நான்கு.) காபி ஒன்று.

மார்ச் 6, வெள்ளி

கேழ்வரகுக் களி. பச்சடி. மனச்சோர்வு.

மார்ச் 9, திங்கள்

எங்கள் பாலை வாங்கும் டெய்ரியிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. அரை லிட்டர், பிளாஸ்டிக். கூடவே ஓர் உத்தரவு: ஒவ்வொரு ஊரிலும் ஒரு மாட்டின் பாலை நிரப்பி, அரக்கு வைத்து, மாட்டுக்காரர் பெயரும் மாடு தின்னும் தீவனமும் எழுதி அனுப்ப வேண்டும். பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். இருந்தால் அந்த ஊர்ச் சங்கத்துப் பாலை எடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பார்களாம்.

சங்கத் தலைவர் குமாரசாமி கூட்டம் போட்டார். எனக்குப் பங்காளி முறை. ஆனால் பயம் வந்தால் யாரையும் 'மாப்ள' என்பார்.

"மாப்ள, கோசுக்காரன் சனிக்கெழமை மருந்தடிச்சு ஞாயித்துக்கெழமை மார்க்கெட்டுக்கு வெட்டறான். அந்தத் தழையத்தான நம்ம மாடு திங்குது. மெஷின் சும்மா இருக்குமா?"

"இருக்காதுங்" என்றேன்.

"அப்ப கோசு திங்காத மாட்டுப் பால அனுப்பு."

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அமராவதி டீச்சர் கையிலிருந்த சொம்பைத் துடைத்தபடி நின்றிருந்தார்.

"அனுப்பறதுல ஒண்ணுமில்லப்பா. ஆனா கோகிலா பால மட்டும் பாத்துட்டு ஊருக்கே நல்ல பேரு வாங்கறது, ஒருத்தி பரீச்சை எழுதி ஊரே பாஸானாப்ல இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு அதையே செய்வதென்று முடிவு செய்தோம்.

வழியில் பக்கத்து ஊர் நல்லிவலசு சங்கத்துச் செயலாளர் திருமூர்த்தியைப் பார்த்தேன். "உங்களுக்குப் பாட்டில் வந்துச்சுங்களா?" என்றேன். "என்ன பாட்டிலு?" என்றான். அவன் வண்டிப் பையில் பாட்டிலின் மூடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும், "ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்" என்றேன். பால் சங்கத்துக்காரர்கள் உண்மையைத் தண்ணீர் கலந்துதான் ஊற்றுவோம்.

மார்ச் 14, சனி

நேற்று மகள் சங்கீதா வந்துவிட்டாள், ஏழாவது மாதம். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. மூத்தது மித்ரா, மூன்று வயது, கூடவே வந்திருக்கிறது. ராத்திரி செவலைப் பாலைக் காய்ச்சிக் கொடுத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அப்புச்சி, இது பொரியல் வாசம் வருது" என்கிறது.

காலையில் டீச்சர் வெந்நீரில் கழுவிய சொம்பில் கோகிலா பாலைத் தானே சுமந்துகொண்டு வந்தார். அரை லிட்டர். இன்னும் சூடு ஆறாத, மஞ்சள் ஓடிய பால். "முத்திரை வெக்கறத நானும் பாக்கறேன் நாச்சிமுத்து" என்றார். பார்த்தார். நடுவில் ஒருமுறை கை கழுவப் போனார்.

பாட்டிலை நிரப்பினேன். அரக்கு உருக்கினேன். சங்கத்து முத்திரைக் கட்டை தலைவர் வீட்டில் இருந்ததால் கட்டைவிரலாலேயே அழுத்தினேன். கொப்பளித்துவிட்டது. லாரி டிரைவர் ஜாபர் பாட்டிலை வாங்கிப் பழைய ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போனான்.

ஆராய்ச்சிக்காரர்கள் பத்துச் சொட்டுத்தான் பார்ப்பார்களாம். மிச்சத்தைக் கீழே கொட்டுவார்களாம். கேள்விப்பட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

இட்லி ஐந்து. காபி இரண்டு. மித்ரா ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டது. என் வீட்டுக்காரி தெய்வாத்தாள் காபியை ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து, "ஏனுங்க, இது எந்த மாட்டுப் பாலு?" என்றாள்.

"கேள்வி கேக்காம குடி புள்ள" என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

கட்டைவிரல் வலி. தோசை எண்ண முடியவில்லை. (நிறையத் தின்றதால் இல்லை. தெய்வாத்தாள் பக்கத்திலேயே நின்றாள், எண்ணும் அளவுக்குத் தட்டில் விழவில்லை.)

ஏப்ரல் 8, புதன்

காலை பத்து மணிக்குக் கடிதம் வந்தது. தலைவர் பிரிக்கப் பயந்து என் கையில் கொடுத்தார். நான் படிப்பது போலத் தலையாட்டி முதலில் முடிவைத்தான் பார்த்தேன்.

'தங்கள் சங்கத்துப் பாலில் பூச்சிமருந்து எச்சம் அனுமதித்த அளவைப் போல் மூன்றரை மடங்கு காணப்படுகிறது. சம்பந்தப்பட்ட மாட்டின் பாலை உடனே நிறுத்தவும். மூன்று மாதம் கண்காணிப்பு.' ஊர்ப் பெயரை மட்டும் பேனாவால் எழுதியிருந்தார்கள், மற்றதெல்லாம் அச்சு. மருந்தின் பெயர் ஒரு வரிக்கு அடங்காமல் அடுத்த வரிக்கு ஒழுகியிருந்தது.

"டீச்சர் மாட்டுலயேவா?" என்றார் தலைவர். இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை, "டீச்சர் மாட்டுலயே மூணரைன்னா நம்ம மாட்டுல எத்தன மாப்ள?" என்றார்.

வரிசையில் நின்ற பெண்கள் தங்கள் பாத்திரத்தையே எட்டிப் பார்த்தார்கள், உள்ளே ஏதோ நீந்துவது போல.

டீச்சருக்குச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். கடிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். பரீச்சைத் தாள் திருத்தும் முகம். பிறகு கேட்டார், "ஏம்ப்பா, நீ முத்திரை வெக்கறப்ப நான் பாத்துட்டுத்தான இருந்தேன்?"

"ஆமாங்க டீச்சர்."

"அப்ப தப்பு எங்கிட்டத்தான்."

இன்று என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை. டாக்டர் மன்னிக்க வேண்டும்.

ஏப்ரல் 9, வியாழன்

மித்ராவுக்கு இனிமேல் செவலைப் பால் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். சங்கீதாவுக்கும். காரணம் கேட்டார்கள். வாசம் என்றேன்.

டீச்சரிடம் போய் தினம் ஒன்றரை லிட்டர் எனக்கு ஊற்றச் சொன்னேன்.

"சங்கத்துல வேண்டாம்னு சொன்ன பாலு உனக்கு எதுக்குப்பா?"

"எனக்கு நம்பிக்கை இருக்குதுங்க."

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

காபி ஒன்று. நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் தொந்தரவு.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஊரில் நான் மகான் ஆகிவிட்டேன். தலைவர் நாலு பேர் முன்னால் என் தோளில் தட்டி, "டீச்சர் மனசு ஒடிஞ்சிறக் கூடாதுன்னு அந்தப் பால வாங்கிக் குடிக்கறான் பாரு, இவனல்லோ மனுசன்" என்றார். ஐம்பத்திரண்டு வருடமாகக் கிடைக்காத பெயர், அதுவும் சர்க்கரை இருக்கும் நேரத்தில்.

வீட்டில் வேறு கதை. தெய்வாத்தாள் பால் சொம்பை நடு வீட்டில் வைத்துவிட்டு, கை இடுப்பில். "வவுத்துப் புள்ளக்காரிக்கும் பச்சப் புள்ளைக்கும் ஊரே வேண்டாங்கற வெசப் பால வாங்கியாந்து குடுக்கறீங்களே, புத்தி பெரண்டு போச்சா? நம்ம செவலை பாலுக்கு என்ன கேடு?"

நான் வாயைத் திறந்தேன். நல்லவேளை, அதில் தெய்வாத்தாளே சுட்ட பணியாரம் ஒன்று இருந்தது.

பணியாரம் ஆறு.

ஏப்ரல் 20, திங்கள்

இன்றிலிருந்து செவலைக்குக் கோசுத் தழை கிடையாது, வைக்கோல்தான் என்று உத்தரவு போட்டேன். தீவன ஞானம் திடீரென்று எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெய்வாத்தாள் கேட்டாள். டைரியின் அடியில் சிரிக்கும் பசுவைக் காட்டினேன்.

டீச்சர் அங்கே வேறு மாதிரி. கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் கொட்டினார். புல் விதை வாங்கிய இடத்துக்குப் போய்ச் சண்டை போட்டார். மேற்கே பூக்கோசுத் தோட்டம் இருக்கிறது, காற்றில் மருந்து வந்திருக்கும் என்று தார்ப்பாய் கட்டினார். நேற்று கோகிலாவைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாராம். மாடு நுரையோடு தெருவில் நின்றதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சிரித்தேன். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

கோகிலா பால் மட்டும் நின்றது. மற்ற நூற்றொன்பது பேர் பாலும் தினம் லாரி ஏறுகிறது, செவலையுடையதும் சேர்த்து. நான்தான் மெஷினில் விட்டு, 'நல்ல பால்' என்று சீட்டுக் கொடுக்கிறேன். மெஷினுக்குக் கொழுப்புத் தெரியும், தண்ணீர் தெரியும். வேறு எதுவும் தெரியாது. அந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே ஜாதி.

மே 2, சனி

வைக்கோலில் செவலைக்கு விலா எலும்பு தெரிகிறது. எட்டு லிட்டர் கறந்தது மூன்றாகிவிட்டது. டவுனில் வைக்கோலும் இல்லை என்கிறார்கள். மார்க்கெட் வாசலில் தழைக்கு அடிதடி, அதைக் குப்பை என்று சொன்ன காலம் போய்விட்டது.

மத்தியானம் கொட்டகைக்குப் போனால் தெய்வாத்தாள் முந்தானையில் மறைத்துக் கோசுத் தழை போட்டுக்கொண்டிருக்கிறாள். செவலை கண்ணை மூடிக்கொண்டு மெல்லுகிறது.

"நீங்க ஒளிச்சு வெச்சு முறுக்குத் திங்கறீங்கல்ல, அதுக்கு மட்டும் பத்தியமா?" என்றாள். பிறகு குரல் உடைந்து, "வேற என்னத்தப் போடட்டும், நீங்களே சொல்லுங்க. காத்தத் திங்குமா மாடு?"

நானும் இரண்டு தழை எடுத்துப் போட்டேன். ஓரத்தில் வெள்ளையாகத் தூள் காய்ந்திருந்தது. துடைத்துவிட்டுத்தான் போட்டேன், துண்டால். அதே துண்டால் பிறகு முகம் துடைத்தேன் என்பது ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

முறுக்கு மூன்று. (அவளுக்கு எப்படித் தெரிந்தது?)

மே 11, திங்கள்

பேரன் பிறந்தான். இரண்டு கிலோ எண்ணூறு. மூக்கு என் மூக்கு, பாவம்.

லட்டு. எண்ணவில்லை.

மே 19, செவ்வாய்

டீச்சர் இன்று பால் ஊற்ற மாட்டேன் என்றுவிட்டார்.

"பெத்தவ குடிச்சா அது தாய்ப்பாலு வழியாப் பச்ச மண்ணுக்குப் போகும் நாச்சிமுத்து. சங்கீதா எங்கிட்டப் படிச்ச புள்ள. உனக்கு எம்மேல இருக்கற மரியாதைக்கு அந்தக் கொழந்தையப் பலி குடுக்க முடியுமா? நீ பெரிய மனசுக்காரன். நான் அப்படி இருக்க முடியாது."

"டீச்சர், அந்தப் பாலு நல்ல பாலுதானுங்க."

"எப்படிச் சொல்ற?"

இங்கே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. நீளமான வாக்கியம்கூட இல்லை.

"நாக்குக்குத் தெரியுங்க" என்றேன்.

"நாக்கு!" என்று சிரித்தார். "உன் நாக்கு சக்கரையவே கண்டுபிடிக்கலையேப்பா."

சொம்பு காலியாகத் திரும்பி வந்தது. சங்கீதாவுக்குப் பால் வேண்டும், பிள்ளை பெற்று எட்டே நாள். தெய்வாத்தாள் வெற்றிக் களிப்போடு செவலைப் பாலைப் பூண்டு போட்டுக் காய்ச்சினாள். பாக்கெட் பால் வாங்கலாமே என்று மெதுவாகச் சொன்னேன். "அது மட்டும் எந்த ஊரு மாட்டுப் பாலாம்?" என்று கேட்டாள். நான் தினமும் லாரியில் ஏற்றும் பால்தான் அது. அவளுக்குத் தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று தெரியவில்லை.

சங்கீதா குடித்தாள். நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

மே 23, சனி

டீச்சர் கோகிலாவை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். உண்மையிலேயே ஓடினேன், நூறு அடி. அப்புறம் உட்கார்ந்து உட்கார்ந்து போனேன். இன்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு. எப்படி ஆரம்பிப்பது என்பது வரைக்கும் தயார். 'டீச்சர், எனக்கு வாய் ஒழுக்கம் கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும்' என்று ஆரம்பித்தால் ஒரு சிரிப்பு வரும், சிரிப்போடு சிரிப்பாக மற்றதும் போய்விடும்.

"உக்காருப்பா, காபி குடி" என்றார். கொண்டுவந்தது கறுப்பாக இருந்தது.

"பாலில்லீங்களா டீச்சர்?"

"ஒரு மாசமா நான் வரக்காபிதான். அந்தப் பால நானே குடிக்காம உன் பேத்திக்கு எப்படி ஊத்துனேன்னு கேக்கறயா? முதல்ல குடிச்சேன். அப்பறம் தொண்டையில எறங்கல. நீ நம்பிக்கைன்னு சொன்னதால உனக்கு ஊத்துனேன், மிச்சத்த வாய்க்கால்ல விட்டுட்டு இருந்தேன்." கொட்டகைப் பக்கம் திரும்பி, "இத்தன வருசம் பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குச் சும்மா குடுத்திருக்கேன்யா. எத்தன டம்ளரு. அத நெனச்சா..." என்றார்.

கொட்டகையில் கோகிலா என் வாசம் தெரிந்து தலையைத் தூக்கியது. பத்தொன்பது வருடக் காபியில் பாதி இதன் அம்மாவுடையது.

"உள்ளூர்ல யாராச்சும் வாங்கிக்க மாட்டாங்களாங்?"

"பேரு கெட்ட மாட்ட எவன் கட்டுவான்? யாவாரிகிட்ட சொல்லியாச்சு. வண்டி கேரளாவுக்குப் போகுமாமா."

கேரளாவுக்குப் போகிற வண்டியில் ஏறும் மாடு எதற்குப் போகிறது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வரக்காபியை முழுசும் குடித்தேன். கசந்தது. எழுந்து, "வரட்டுங்களா டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சொல்லப் போனது இதுதான். இது உணவுப் பட்டியலில் சேராது, ஆனால் டாக்டர் மறைக்கக் கூடாது என்றார். அன்று டீச்சர் கை கழுவப் போனபோது கோகிலா பாலை என் சொம்பில் ஊற்றிக்கொண்டேன். பாட்டிலில் போனது செவலையின் பால். பத்துச் சொட்டுத்தானே பார்ப்பார்கள், அதில் என்ன தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பேத்திக்கு ஒரு நாளாவது வாசமில்லாத பால் கொடுக்கலாம் என்றும் நினைத்தேன். ஆனால் முதலில் நினைத்தது காபியைத்தான்.

வரக்காபி ஒன்று. சர்க்கரை இல்லாமல்.

மே 25, திங்கள்

வண்டி வந்தது. கோகிலா ஏற மறுத்தது. டீச்சர் காதில் ஏதோ சொன்னதும் ஏறிவிட்டது. நான் சங்கத்துக்குள் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஜூன் 4, வியாழன்

டாக்டர் டைரியைப் புரட்டினார். கையெழுத்துப் புரியாமல் இட்லி எண்ணிக்கையை மட்டும் பார்த்தார். "காபியக் கொறச்சிருக்கீங்க போல. வெரி குட்" என்றார். சர்க்கரை இறங்கியிருக்கிறது. மே 23க்குப் பிறகு எனக்குக் காபி இறங்கவில்லை என்பதை அவர் மருந்தின் பெருமை என்று எடுத்துக்கொண்டார்.

மித்ரா செவலைப் பாலுக்குப் பழகிவிட்டது. மூக்கைப் பிடிப்பதில்லை. பொரியல் வாசம் வருகிறதா என்று கேட்டேன். "பால் வாசந்தான் அப்புச்சி வருது" என்றது.

ஜூன் 12, வெள்ளி

ஜாபர் லாரியைச் சங்க வாசலில் நிறுத்திவிட்டு மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு இறங்கினான்.

"அண்ணா, வண்டில ஏதோ செத்துப்போச்சுன்னு மூணு நாளாத் தேடறேன். பாத்தா இந்தப் பழைய ஐஸ் பெட்டி. சாம்பிள் பாட்டிலுக அப்படியே கெடக்குது. டெய்ரில கேக்கறப்பக் குடுத்துக்கலாம்னு சீட்டுக்கு அடில வெச்சேன், அவங்க கேக்கவே இல்ல, நானும் மறந்துபோட்டேன்."

"கேக்கலையா? அப்ப கடிதாசி எப்படி வந்துச்சு?"

"அது டேங்கர்ல எடுத்துப் பாத்ததாமா. நாப்பத்திரெண்டு ஊருப் பாலும் ஒண்ணாக் கலந்ததுல. நாப்பத்திரெண்டு ஊருக்கும் ஒரே கடிதாசி, நாந்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். ஊருப் பேரு மட்டும் பேனாவுல."

சைக்கிள் எடுத்துக்கொண்டு நல்லிவலசு போனேன். திருமூர்த்தி முதலில், "என்ன கடிதாசி?" என்றான். நான் என்னுடையதை எடுத்து மேஜையில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேல்சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தான். மூன்றரை மடங்கு. அதே மருந்து, அதே இடத்தில் அடுத்த வரிக்கு ஒழுகியிருந்தது. அவர்கள் ஊரிலும் ஒரு மாட்டைக் கண்டுபிடித்து விற்றிருக்கிறார்கள். "வெளிய சொன்னா ஊருக்குக் கேவலம்னு..." என்றான். ஆமாம் என்றேன்.

ஆக, கோகிலா பாலை யாரும் பார்க்கவில்லை. செவலை பாலையும் பார்க்கவில்லை. செவலைக்கு எத்தனை மடங்கு என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பேரன் உள்ளே அழுகிறான், சங்கீதா எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள், நிறுத்திவிட்டான்.

ஜாபரிடம் கேட்டு வாங்கிவந்த எங்கள் ஊர்ப் பாட்டில் என் முன்னால் இருக்கிறது. வயிறு ஊதி, கிட்டத்தட்ட என் வடிவம். பால் திரிந்து, மேலே பச்சைத் தண்ணீரும் கீழே வெள்ளைக் கட்டியுமாகப் பிரிந்து நிற்கிறது. சீட்டில் என் கையெழுத்து: அமராவதி டீச்சர். மாடு: கோகிலா. தீவனம்: சொந்தப் புல்.

அரக்கு உடையவில்லை. என் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கிறது.